நாலாம் நம்பர் லைன்

புதுக்கரைப்பட்டி சூசையப்பர் கோயிலின் பின்வாசலை ஒட்டி, பாவமன்னிப்புக் கேட்கும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு மேசை கிடக்கும். அதன்மேல் மிக்ஸர் ஒன்று, பழைய கணினி ஒன்று, இரண்டையும் தூசி படாமல் மூடிவைக்கப் பச்சைத் துண்டு ஒன்று. மிக்ஸரில் எட்டு லைன்கள். ஒவ்வொன்றின் ஒலியையும் ஏற்றி இறக்க ஒவ்வொரு நகர்பொத்தான். பொத்தான்களுக்குக் கீழே ரெஜின் தன் கையெழுத்தில் பெயரெழுதி ஒட்டியிருந்தான். பீடம், வாசகம், பாடகர் என்று வரிசையாகப் போகும் அந்தப் பெயர்களில் நாலாவது, ‘மாமா’.

அந்த நாலாம் நம்பர் பொத்தான் இரண்டு கிறிஸ்து பிறப்பு விழாக்களுக்கு முன்பிருந்தே அடிமட்டத்தில் கிடந்தது. அதாவது, அடைக்கலசாமி கீபோர்டில் வாசிக்கும் எதுவும் கோயிலின் ஒலிபெருக்கிகளுக்குப் போய்ச் சேரவில்லை. இது பாடகர் குழுவுக்குத் தெரியும். பங்குத்தந்தைக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர் அடைக்கலசாமி ஒருவர்தான். அவர் ஞாயிறுதோறும் முழுக்கைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கீபோர்டின் முன் உட்கார்ந்து, ஊரையே பாடவைக்கும் நினைப்போடு வாசித்துவிட்டு எழுந்து போவார்.

அடைக்கலசாமி பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஊரில்தான். பள்ளிப் படிப்பு பத்தாவதோடு நின்றது. வெண்ணாற்றுக்கு அக்கரையில் இருந்த அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர், தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார். அவித்துக் காயவைத்த நெல்லை அரவைக்குக் கொடுப்பதும் எந்திரத்தைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. குறுவை அறுப்பானாலும் சரி, சம்பா அறுப்பானாலும் சரி, ஆலை ஓயாது. உள்ளே பேச்சுக்கு வழியே இல்லை. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் ஓட்டு. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளும்படி முதலாளி சொன்னதுண்டு. பஞ்சு வைத்தால் பெல்ட் நழுவும் சத்தம் கேட்காது. பெல்ட் அறுந்தால் ஆளின் கை போய்விடும். ஆகவே, அடைக்கலசாமி பஞ்சை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

சாயங்காலம் ஆற்றில் இறங்கித் தவிட்டுத் தூசி போகக் குளித்துவிட்டு, நேரே கோயிலுக்கு வந்து ஆர்மோனியப் பெட்டியைத் திறப்பார். நாள் முழுவதும் ஒரே இரைச்சலைக் கேட்ட காதுக்கு அதுதான் சோறு. பின்னால் பங்கு மக்கள் சேர்ந்து கீபோர்டு வாங்கியபோது, ஒரே மாதத்தில் அதையும் வசப்படுத்திக்கொண்டார். ஆனாலும் கடைசிவரை அதைப் ‘பொட்டி’ என்றே சொன்னார். அவர் கைபடாமல் ஊரில் ஒரு கல்யாணப் பூசை நடந்ததில்லை.

ஆலை தன் கூலியைப் பின்னால்தான் வசூலித்தது. முதலில் மணிச்சத்தம் போயிற்று. பிறகு பெண்களின் குரல். அவர் மனைவி விண்ணரசி ஊராரிடம் இதைச் சொல்லிச் சிரிப்பார்: “கட்டுன நாள்லேர்ந்து நான் பேசுறது கேக்காத மாதிரியே நடிச்சாரு. இப்பத்தான் நெசமாவே கேக்கல.” சிரித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு திருநாள் பூசையில் அது வெளிச்சத்துக்கு வந்தது. பாடகர்கள் ஒரு சுருதியில் நிற்க, அடைக்கலசாமி வேறொரு சுருதியில் தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டு பாட்டின் இறுதிவரை போய்விட்டார். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்த வாரமே பங்குப் பேரவை கூடியது. அடுத்த திருநாளில் பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை நல்லதாகப் பேசி, ஓய்வு கொடுத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது.

மறுநாள் விண்ணரசி, கடைத்தெருவிலிருந்த ரெஜினின் கடைக்கு வந்தார். கணினி பழுதுபார்ப்பது அவன் தொழில். கோயில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்வது விசுவாசம். ஊருக்கு அவன் ‘மைக்செட்டு ரெஜின்’. விண்ணரசி நின்றபடியே பேசினார்.

“தம்பி, சால்வையெல்லாம் வேணாம்ப்பா. அவர எழுந்திரின்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. அந்தப் பொட்டி முன்னாடி ஒக்காரலைன்னா அந்த மனுஷன் வீட்டுல எங்க ஒக்காருவாருன்னே எனக்குத் தெரியல.”

அந்தச் சொல்லுக்கு ரெஜின் கட்டுப்பட்டான். அவன் தங்கை ஜாஸ்லின் கீபோர்டு நன்றாக வாசிப்பாள். ‘துணைக்கு’ என்று சொல்லி, அவளைப் பாடகர் வரிசையில் இன்னொரு கீபோர்டோடு உட்கார வைத்தான். அடைக்கலசாமியின் காலடியில் சிறிய ஒலிப்பெட்டி ஒன்றை வைத்து, அவர் வாசிப்பது அவருக்கு மட்டும் கேட்கும்படி அதில் முழு ஒலியையும் திருப்பிவிட்டான். நாலாம் நம்பர் பொத்தானை இறக்கினான். கோயிலில் கேட்டது ஜாஸ்லினின் வாசிப்பு. அடைக்கலசாமிக்குக் கேட்டது, கேட்ட அளவுக்கு, அவருடைய வாசிப்பு. இரு பக்கமும் நிம்மதியாக இருந்தது.

அயர்லாந்தில் செவிலியாக இருக்கும் அவர் மகள் ஜூலியட், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைக் கோயிலின் நேரலையில் பார்ப்பாள்; அதில் பீடம் மட்டுமே தெரியும். பார்த்துவிட்டு அப்பாவுக்கு எழுதுவாள்: இன்றைக்கு ரொம்ப நன்றாக வாசித்தீர்கள் அப்பா. அடைக்கலசாமி அதை ரெஜினிடம் காட்டுவார். ரெஜின் படித்துவிட்டு, “ஆமா மாமா” என்பான்.

ஜூலியட் அனுப்பிய காது மெஷின் தவக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. வீட்டில் அது நன்றாகவே வேலை செய்தது. விண்ணரசி அடுப்படியில் முணுமுணுப்பதுகூடக் காதில் விழுந்து, இரண்டு நாள் சண்டை நடந்தது. ஆனால், கோயிலுக்குள் நுழைந்ததும் அது உதவாமல் போயிற்று. உயரமான கூரையின் முழக்கம், மின்விசிறிகளின் இரைச்சல், சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் எதிரொலி எல்லாவற்றையும் ஒன்றாகப் பெரிதாக்கிக் காதில் கொட்டியது.

“மறுபடி மில்லுக்குள்ள போன மாதிரி இருக்குடா,” என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பஞ்சு கிடந்த அதே பை.

ஜூலியட் விட்டுவிடவில்லை. கணினிகளுக்கு வந்திருக்கும் புதிய மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது என்று அவள் விசாரித்து அறிந்திருந்தாள். கணினி ஒரு சின்ன வானொலி நிலையம்போல நடந்துகொள்ளும். மிக்ஸரிலிருந்து வரும் ஒலியைக் காற்றில் பரப்பும். அந்த எல்லைக்குள் இருக்கும் காது மெஷின்கள் அதை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். எதிரொலி இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. கோயில் கணினி பதினைந்து வருடம் பழையதென்றாலும், ரெஜின் அதற்கு நினைவகம் கூட்டி, புதிய வட்டு போட்டு, மென்பொருளையும் புதுப்பித்திருந்தான். எல்லாம் இருந்தும் அமைப்புப் பக்கத்தில் அந்த வசதிக்கான வரி மட்டும் தென்படவில்லை. காரணம் எளிது. உள்ளே இருந்த கம்பியில்லாத் தொடர்புக் கார்டு கணினியோடு பிறந்த பழசு. புதிய புளூடூத்தின் மொழி அதற்குத் தெரியாது. அதை மாற்றினால் போதும்.

அடைக்கலசாமியே அந்தக் கார்டை ஒரு பொட்டலமாகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“டேய் மைக்செட்டு, இந்தா. ஜூலியட்டு அனுப்பிச்சிருக்கா. ஒன் கம்ப்யூட்டருக்குப் புதுக் காது.”

“காது ஒங்களுக்கு மாமா. கம்ப்யூட்டருக்கு இது வாய்!”

“என்னாது, நாயா?”

“வாய்! வாய்!”

“அதத்தான் ஒனக்குக் கடவுள் நெறைய குடுத்துட்டாரே,” என்று சிரித்தார் அவர். “பெரிய வியாழனுக்குள்ள மாட்டிடு. அன்னைக்கு வானவர் கீதத்த முழுசா கேட்டுடணும். அதுக்கப்புறம் பாஸ்கா வரைக்கும் பொட்டியத் தொடக்கூடாதுல்ல.”

அது கோயிலின் முறை. இயேசுவின் இறுதி இராவுணவை நினைவுகூரும் பெரிய வியாழன் மாலைப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது எல்லா மணிகளும் ஒலிக்கும், இசைக்கருவிகள் முழங்கும். அந்தப் பாட்டு முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். உயிர்ப்புப் பெருவிழா வரும்வரை பாட்டு வெறும் குரலால்தான்.

ரெஜின் சிரித்தபடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். அவர் படியிறங்கிப் போனபின் மிக்ஸரைப் பார்த்தான். கணினிக்குப் போகும் ஒலி, ஒலிபெருக்கிக்குப் போகும் அதே ஒலிதான். கணினி அதை அவர் காதுக்கு நேரே அனுப்பினால், அதில் அவரைத் தவிர எல்லாரும் இருப்பார்கள்.

அடுத்த நாள் கணினியைத் திறந்தான். பெட்டிக்குள் ஒட்டடையும் இரண்டு பல்லி முட்டைகளும் இருந்தன. ஊதித் துடைத்து, பழைய கார்டைக் கழற்றிவிட்டு, புதியதை அதன் பள்ளத்தில் அழுத்தி, மயிரிழை போன்ற ஆண்டெனாக் கம்பிகள் இரண்டையும் சொடுக்கிப் பொருத்தினான். கணினியை எழுப்பினான். வைஃபை உடனே வந்தது. புளூடூத் இருந்ததற்கான அடையாளமே இல்லை. அரைமணி நேரம் மண்டையைக் குடைந்தபின் தன் தவறு தெரிந்தது. இத்தகைய கார்டில் வைஃபை பாகத்துக்கு அந்தப் பள்ளத்தின் தொடர்பே போதும்; புளூடூத் பாகத்துக்குத் தனியாக ஓர் ஒயர் உண்டு; அதை மதர்போர்டில் வேறோர் இடத்தில் செருக வேண்டும். அவன் செருக மறந்த அந்த ஒயர் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

கையை உள்ளே விட்டான். ஒயரைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டு மூடியைப் போட்டுத் திருகை முடுக்கினான்.

அன்று முதல் அடைக்கலசாமி தினம் சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றார்.

“என்னாடா, வாய் தெறந்துச்சா?”

“இன்னும் இல்ல மாமா. பழைய கம்ப்யூட்டரு. அடம் பிடிக்குது.”

“நான்கூடத்தான் பழசு. நான் அடமா பிடிக்கிறேன்?”

ரெஜினுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் ஜாஸ்லின் அவனை விடவில்லை.

“அண்ணே, நீ சொல்லிடு. இல்லன்னா நான் சொல்றேன். வாராவாரம் அவரு என்னைப் பாத்துச் சிரிச்சு, ‘நல்லாத் துணைக்கு வர்றம்மா’ன்னு சொல்றாரு. எனக்குக் கட்ட தப்பிப் போவுது.”

“என்னான்னு சொல்றது? நீங்க வாசிச்சது எதுவும் யாருக்கும் கேக்கலன்னா?”

“வேற எப்படிச் சொல்லுவ?”

வேறெப்படியும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். விண்ணரசியிடம் போனான். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அவர் முறத்தைக் கீழே வைத்தார், எல்லாம் கேட்டார்.

“நான் ஒன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுல்ல?” என்றார் கடைசியில்.

“இல்ல அத்த. நானும்தான...”

“மெஷினு வேலை செய்யலன்னே சொல்லிடேன்ப்பா,” என்றவர், சொல்லி வாயை மூடுமுன்னே தலையை ஆட்டி மறுத்தார். “வேணாம். அவரு மணிச் சத்தத்துக்கு ஏங்குறாரு. நீ என்னா செய்வியோ செய்யி.”

குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய நாள் அடைக்கலசாமி கடைக்குள் வந்து, வழக்கத்துக்கு மாறாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரெஜினு, போன வருஷம் பெரிய வியாழனுக்கு மணி அடிச்சாங்களா?”

“அடிச்சாங்க மாமா.”

“எல்லா மணியுமா?”

அவன் விரல்களை விரித்து, எல்லா மணியும் என்று காட்டினான்.

“பீடத்துப் பசங்க மறந்துட்டானுங்கன்னு நெனச்சேன்டா. பூசை முடிஞ்சதும், உடுப்பு மாத்துற சக்ரீஸ்துக்குள்ள போயி ரெண்டு பேரையும் புடிச்சுத் திட்டிட்டேன். ‘மணி அடிக்கத் துப்பில்லாதவனுக்கு அங்கி எதுக்குடா’ன்னு கேட்டேன். பாவம், ஒரு வார்த்த சொல்லல அவனுங்க. தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னானுங்க.” உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். “இந்த வருஷம் கேட்டுட்டேன்னா, அவனுங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லிடலாம்னு இருக்கேன்.”

அவர் போனதும் ரெஜின் கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கோயிலுக்கு நடந்தான். கணினியின் மூடியைக் கழற்றி, தொங்கிய ஒயரை எடுத்து, அதற்குரிய ஊசிகளில் செருகினான். கணினி எழுந்தபோது, இத்தனை நாள் காணாத அந்த வரி அமைப்புப் பக்கத்தில் அமைதியாக வந்து நின்றது.

அன்றே அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தான். கோயிலில் வேறு யாரும் இல்லை. காலடி ஒலிப்பெட்டி இனி வேண்டியதில்லை என்று அதை அணைத்துவிட்டான். அடைக்கலசாமி தன் இடத்தில் உட்கார்ந்து காது மெஷினை மாட்டிக்கொண்டார். ரெஜின் பீடத்து மைக்கின் முன் நின்று, பழக்கத்தில், “கேக்குதா மாமா?” என்று உரக்கக் கேட்டான்.

“கத்தாதடா,” என்றார் அவர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரிடமிருந்து அந்தச் சொல்லை ரெஜின் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. அவர் உதடு துடித்தது. உடனே அதைச் சிரிப்பாக்கிக்கொண்டார்.

“ஒனக்குச் சளி பிடிச்சிருக்கு. வீட்டுக்குப் போயி ஆவி பிடி.”

பிறகு பொட்டியில் கை வைத்தார். ரெஜின் ஓடிவந்து நாலாம் நம்பர் பொத்தானை மேலேற்றினான். அது வெகுநாள் அசையாமல் கிடந்ததால் தூசியில் கரகரத்தது. அடைக்கலசாமி ஒரு கட்டையை அழுத்தினார். தலையைச் சாய்த்தார். இன்னொன்றை அழுத்தினார்.

“கொஞ்சம் பின்தங்கி வருதே?”

ரெஜினுக்குக் காரணம் தெரியும். கீபோர்டிலிருந்து மிக்ஸர், மிக்ஸரிலிருந்து கணினி, கணினியிலிருந்து காற்று வழியாகக் காது என்று ஒலி சுற்றிக்கொண்டு வர ஓர் இமைப்பொழுது ஆகும். பிரசங்கம் கேட்பவருக்கு அது பொருட்டே இல்லை. வாசிப்பவருக்கு, அழுத்திய விரலுக்கும் வந்த ஒலிக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும்.

“பழகிடும் மாமா,” என்றான்.

இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று வந்தவன், அதற்குமேல் வாய் திறக்கவில்லை. மாறாக, ஒரு முடிவு செய்தான். பெரிய வியாழனன்று பொத்தானை ஏற்றியே வைத்துவிடுவது. ஜாஸ்லின் தன் ஒலியைக் குறைத்துக்கொள்ளட்டும். ஒரு பாட்டு, தப்பும் தவறுமாகவே இருக்கட்டும், ஊர் பொறுத்துக்கொள்ளும். அவருடைய வாசிப்பு ஒரு நாளாவது உண்மையாகவே கோயிலில் கேட்கட்டும். அதன்பின் பாஸ்காவரை மௌனம்தானே. அதற்குள் சொல்ல ஒரு வழி பிறக்கும்.

பெரிய வியாழன் மாலை கோயில் நிரம்பி வாசலிலும் ஆள் நின்றது. பீடத்துக்கு வெள்ளை விரித்திருந்தார்கள். பாதம் கழுவப்படவிருந்த பன்னிரண்டு ஆண்களும் முன்வரிசையில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடைக்கலசாமி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, பின்னால் திரும்பி, மேசையிலிருந்த ரெஜினைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டினார். கேட்கிறது. ரெஜின் தலையசைத்தான். நாலாம் நம்பர் பொத்தான் மற்றவற்றோடு ஒரே மட்டத்தில் நின்றது.

பங்குத்தந்தை வானவர் கீதத்தைத் தொடங்கினார். கோபுர மணி, பீடத்து மணி, சிறுமணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலித்தன. அடைக்கலசாமி கண்ணை மூடிக்கொண்டார். முகம் மேல்நோக்கி உயர்ந்தது. கன்னத்தில் நீர் இறங்குவது மேசைவரை தெரிந்தது. அவர் கைகள் கட்டைகளில் விழுந்தன. முதல் அடி சரியாக வந்தது. 

இரண்டாம் அடியில் பள்ளம் தெரிந்தது. அழுத்திய கட்டை காதில் ஒலிக்கும்வரை அவர் காத்திருந்தார். அது வந்தபின் அடுத்ததை அழுத்தினார். அதற்கும் காத்திருந்தார். பாட்டு நடை தளர்ந்தது. பாடகர்கள் பாதிப் பேர் அவரோடு பின்தங்க, மீதிப் பேர் ஜாஸ்லினோடு முன்னே போனார்கள். முன்வரிசைத் தலைகள் திரும்பின. பீடத்தில் பங்குத்தந்தை நிமிர்ந்து பார்த்தார். அடைக்கலசாமிக்கும் அது கேட்டிருக்க வேண்டும், புருவம் நெரிந்தது, எட்டிப் பிடிக்க விரைந்தார், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று தடுக்கின. வாசலருகே யாரோ ‘உச்சு’க் கொட்டினார்கள்.

ரெஜினின் வலதுகை ஆள்காட்டி விரல் பொத்தான்மேல் இருந்தது. ஒரு வருடத்துக்குமேல் ஞாயிறுதோறும், பொத்தான் அடிமட்டத்தில்தான் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தே அதற்குப் பழகியிருந்தது. வேண்டாம் என்று மனம் சொல்லி முடிப்பதற்குள் விரல் வேலையை முடித்துவிட்டது. நாலாம் நம்பர் பொத்தான் அடிமட்டத்துக்கு இறங்கியது.

அடைக்கலசாமி இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். ஓர் அடி. இன்னொரு கால் அடி. பிறகு ஒரு கட்டையை மட்டும் அழுத்திப் பார்த்தார். அதையே மறுபடியும், விரல் வெளுக்க, ஆழமாக அழுத்தினார். பிறகு இரு கைகளையும் கட்டைகளிலிருந்து மேலே எடுத்தார்.

பாட்டு நிற்கவில்லை. ஜாஸ்லின் ஒலியைக் கூட்டியிருந்தாள். ஊர் முழுவதும் ஒரே சுருதியில், ஒரே நடையில், குறையில்லாமல் பாடியது. மணிகள் முழங்கின. அவர் அந்தரத்தில் நின்ற தன் கைகளைப் பார்த்தார்; அவற்றை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் திரும்பவில்லை.

பாட்டு முடிந்தது. மணிகள் அடங்கின. ஒவ்வோர் ஆண்டும் செய்வதுபோலவே அடைக்கலசாமி எழுந்து, கீபோர்டை அணைத்து, அதற்கான வெள்ளைத் துணியைப் போர்த்தி, மூலைகளை இழுத்து ஒழுங்குசெய்துவிட்டு உட்கார்ந்தார். பார்த்தவர்களுக்கு அதில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. பிரசங்கத்தைக் கேட்டார். பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவதைப் பார்த்தார். அவர் பக்கம் திரும்பாமல் ஜாஸ்லின் அழுதுகொண்டிருந்தாள்.

பூசை முடிந்து, நற்கருணை அப்பத்தைப் பக்கபீடத்துக்குப் பவனியாக எடுத்துச் சென்றபின், கோயில் பெரும்பாலும் காலியாயிற்று. ரெஜின் ஒயர்களைச் சுருட்டுவதுபோலக் குனிந்துகொண்டிருந்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் அருகில் செருப்பில்லாத பாதங்கள் வந்து நின்றன. காது மெஷின் அடைக்கலசாமியின் காதிலேயே இருந்தது. அவர் மிக்ஸரைக் குனிந்து பார்த்து, ‘மாமா’ என்று எழுதியிருந்த ஒட்டுத்தாளை விரலால் தொட்டார்.

“எப்பலேர்ந்து?”

தணிந்த குரல். அவர் இவ்வளவு தணிந்து பேசி ரெஜின் கேட்டதில்லை.

“முந்துன வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னாடிலேர்ந்து, மாமா.”

அவர் மனத்துக்குள் திருநாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது.

“ஒன் கல்யாணப் பூச?”

ரெஜின் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான்.

“அதுக்குன்னு வீட்டுல உக்காந்து பழகிட்டு வந்தேனேடா. ஒன் பொண்டாட்டிகிட்டக்கூடச் சொன்னேன்.” மிக்ஸரை மறுபடி பார்த்தார். “அன்னைக்கு நீ மாப்பிள்ளையால்ல முன்னாடி ஒக்காந்திருந்த. யாரு எறக்குனது?”

“எறங்கியிருக்கான்னு பாத்துட்டுத்தான் மாமா, போயி உக்காந்தேன்.”

அடைக்கலசாமி தலையை ஆட்டினார். ஆலையில் உள்ளங்கையைக் காட்டி எந்திரத்தை நிறுத்துவாரே, அதேபோல் கையை லேசாக உயர்த்தினார். ரெஜின் சொல்லவந்தது வாய்க்குள்ளேயே நின்றது.

“விண்ணரசிக்குத் தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“சரி. எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிய வேணாம்.” ஒட்டுத்தாளிலிருந்து விரலை எடுத்தார். “ஜூலியட்டுகிட்டயும் சொல்லாத. அவ அங்க ஒத்தையா உக்காந்து, நான் வாசிக்கிறேன்னு நெனச்சுத்தான் பூசை பாக்குறா. அது அப்படியே இருக்கட்டும்.”

இரண்டடி போனவர் நின்று திரும்பினார்.

“மணி நல்லா கேட்டுச்சுடா,” என்றார். பிறகு பீடத்துச் சிறுவர்களைத் தேடிச் சக்ரீஸ்துப் பக்கம் போனார்.

சனிக்கிழமை இரவுப் பாஸ்கா பூசைக்கு விண்ணரசி தனியாக வந்தார். வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி என்றார். தானும் அதை நம்பாததுபோல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால், உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசைக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அடைக்கலசாமி புதுவேட்டி கட்டியிருந்தார். நேரே கீபோர்டின் அருகில் சென்று வெள்ளைத் துணியை எடுத்து மடித்து, ஜாஸ்லினைக் கைகாட்டி அழைத்தார். அவள் மறுத்தாள். அவர் ஏதோ சொன்னார். மேசைவரை அது கேட்கவில்லை. அவள் வந்து அவருடைய இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் சட்டைக்கையை மடிக்காமலே ஆண்கள் பக்கம் போய், தூணோரப் பெஞ்சில் அமர்ந்தார்.

காலடியில் இருந்த ஒலிப்பெட்டியை ரெஜின் ஏற்கெனவே அகற்றிவிட்டிருந்தான். நாலாம் நம்பர் பொத்தானை ஏற்றினான். அதன் கீழிருந்த பெயரை மாற்றத் தாளையும் பேனாவையும் எடுத்தவன், மாற்றாமலே வைத்துவிட்டான். ஜாஸ்லின் தொடங்கினாள். கோயில் எழுந்து நின்று பாடியது. நேரலைத் திரையின் ஓரத்தில் ஓர் எழுத்து வரி மேலேறி வந்தது. ஜூலியட். ‘அப்பா, உயிர்ப்பு விழா வாழ்த்துகள். இன்று வாசிப்பு எவ்வளவு இனிமை!’

ரெஜின் அந்த வரி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

கணினித் திரையில், ஒலி பரப்பப்படுகிறது என்ற ஒரே ஒரு குறிப்பு எரிந்தது. புதிய கார்டுக்கு அவ்வளவுதான் தெரியும். அது காற்றில் அனுப்பும். யார் வாங்கினார்கள், யார் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்கள் என்பதை அது அறியாது. பெஞ்சில் இருந்தவரின் முகத்தை ரெஜின் பார்த்தான். அதில் எதுவும் தெரியவில்லை. காதுகள் தூணின் நிழலில் இருந்தன.

பிறகு அவருடைய கையைப் பார்த்தான். முன்பெஞ்சின் மேற்சட்டத்தில் இருந்த அந்த விரல்கள் மரத்தின்மேல் மெல்ல அழுத்தி அழுத்தி எழுந்தன. ஜாஸ்லினின் வாசிப்பைத்தான் அவை வாசித்தன. ஒவ்வோர் அடியிலும், பாட்டுக்கு ஓர் இமைப்பொழுது பின்னால்.